தேயிலை விலையும் தொழிலாளர் கூலியும்

1930ஆம் ஆண்டளவில் உலகைப் பற்றிக்கொண்ட பொருளாதார மந்தத்தைப் பற்றி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். “அமெரிக்காவிலே சந்தை விழுந்தால் இங்கே மலையிலே எங்கள் பூட்டனுக்கு ஏன் சம்பளம் குறைந்தது, சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று அவளுக்கு நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. எனவே இதனை எழுதுகின்றேன்.

இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி அக்காலத்தில் பிரித்தானியச் சந்தையை நம்பியிருந்தது. இலண்டன் ஏலத்திலே விலை சரிந்ததும் தோட்டத்துரைமார் செலவைக் குறைக்க வழி தேடினர். உரத்துக்கும் கப்பற் கூலிக்கும் பேரம் பேசுதல் எளிதன்று. லயத்தில் வாழ்பவனின் கூலியைக் குறைத்தல் எளிது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியே மந்த ஆண்டுகளில் வெட்டப்பட்டது. வேலையிழந்த பல்லாயிரவர் தென்னிந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1931இல் தோட்டத் தொழிலாளர்க்குச் சம்மேளனம் அமைத்த கோ. நடேசய்யர் கூலிவெட்டை எதிர்த்து நின்றார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டாலே தொழிலாளரைத் தட்டியெழுப்பினார்.

“சந்தையின் நியதியை யார் மாற்ற முடியும்?” என்பதே கூலி கேட்டவனுக்குக் கிடைத்த மறுமொழி. ஆனால் 1933இல் நிகழ்ந்தது யாது? இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகிய மூன்று நாடுகளின் தேயிலை உற்பத்தியாளரும் சர்வதேச உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டனர். முதலாண்டு ஏற்றுமதி, நிர்ணயித்த அளவில் நூற்றுக்கு 85 வீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அரசாங்கங்கள் அதற்குச் சட்டவலுவும் அளித்தன. மாற்ற முடியாதெனப்பட்ட நியதி முதலாளிமாரின் மேசையிலே மாறியது! அசாமிலும் யாவாவிலும் மலைநாட்டிலும் கொழுந்து பறித்தவர்களோ ஒருவரையொருவர் அறியார். அவர்களின் கூலியைக் காக்க அத்தகைய உடன்படிக்கை எதுவும் எழவில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென அரசு வர்த்தமானியில் அறிவித்தபோது, தோட்டக் கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கத்தையும் நம் தாய்மார் நன்கறிவர்.

மாணவிக்கு இப்போது இவ்வாறு விடை கூறுவேன்: சந்தை விழுந்ததனால் மட்டும் உன் பூட்டனின் சம்பளம் குறையவில்லை. விலையைக் காக்கக் கடல் கடந்து கைகோத்தவர்கள் இருந்தனர். கூலியைக் காக்க அவ்வாறு கைகோத்தவர்கள் இல்லை. அந்தக் கைகளைக் கோக்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.