கொச்சி யூதர்: இடர்காலத்துச் சமயப் பற்று

பெரியதாழை உள்ளிட்ட முத்துக்குளித்துறைப் பரவர்கள் 1530களில் போர்த்துக்கீசியரை நம்பிக் கத்தோலிக்கம் தழுவினர். அவர்களுக்குக் காவலாக வந்த அதே கப்பற்படைதான் மேற்குக் கரை யூதர்களுக்கு எமனானது. கோவாவில் 1560இல் சமய விசாரணை மன்றம் அமைந்தது. முத்துக்கரையில் பணியாற்றி, 1578இல் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சேற்றிய கத்தோலிக்கக் குரு அண்ட்ரிக் அடிகளாரும் யூத வழியினரே என்பது வரலாற்றின் விளையாட்டு.

கொடுங்கல்லூரை விட்டு வந்த யூதர்களுக்குக் கொச்சி அரசர் இடமளித்தார். மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டியே 1568இல் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. 1662இல் கொச்சி மீதான டச்சுக்காரர் முற்றுகை முதலில் தோற்றபோது, யூதர்கள் அவர்களுக்குத் துணைநின்றதாகக் கூறிப் போர்த்துக்கீசியர் ஆலயத்தைச் சூறையாடித் தீவைத்தனர். மறு ஆண்டே கொச்சி டச்சுக்காரர் வசமானது. 1664இல் ஆலயம் மீண்டும் கட்டப்பட்டது.

இச்சமூகத்தின் மனவலிமை புலம்பலில் அல்ல, கொண்டாட்டத்தில் இருந்தது எனலாம். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் ஆலயம். தேங்காயெண்ணெய் விட்ட கண்ணாடி விளக்குகள். மறைநூல் வாசிப்பு நிறைவுறும் சிம்ஹத் தோரா நாளில் தோரா சுருள்களை ஏந்தி ஆலயத்துக்கு வெளியேயும் சுற்றி வந்தனர். பெண்கள் மலையாளத்திலேயே விவிலியக் கதைகளையும் விடுதலை ஏக்கத்தையும் பாடினர். பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். நம்பிக்கையை வீட்டுக்குள் உயிரோடு வைத்தவை இந்த நோட்டுகளே.

1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். நோட்டுகளும் உடன் சென்றன.