பட்டியலில் பூட்டப்பட்ட செடி

"கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்." நம் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த மிரட்டலை விளக்க வேண்டியதில்லை. பொட்டலம் யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. யாரிடம் கைப்பற்றியதாக எழுதப்படும் என்பதுதான் கேள்வி. ஆகவே கஞ்சாவைப் பற்றிப் பேசும்போது செடியை மட்டும் பார்த்தால் போதாது. அதைப் பட்டியலில் வைத்த கையையும் பார்க்க வேண்டும். அந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அமெரிக்காவின் வரலாறு ஒரு நல்ல பாடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். நாம் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. போதையால் நம் குடும்பங்கள் படும் பாடு நமக்குத் தெரியும். ஒரு பொருளால் கேடு உண்டா, பயன் உண்டா என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். அந்த ஆய்வையே சட்டம் எப்படிப் பூட்டிவைத்தது என்பதுதான் இங்கே நம் பேச்சு.

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. அங்கே மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஓ'ஷாக்னெஸி, இந்திய மக்களும் வைத்தியர்களும் பயன்படுத்திவந்த கஞ்சாவை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1839இல் ஒரு கட்டுரை எழுதினார். வலிப்பு வந்த கைக்குழந்தை ஒன்றுக்கு அதைக் கொடுத்த விவரமும் அதில் இருக்கிறது. அதன் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கஞ்சாச் சாறு மருந்துக்கடைச் சரக்கானது. 1850 முதல் அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்து நூலிலும் அதற்கு இடம் இருந்தது.

1893இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் ஒரு கஞ்சா ஆணையத்தை அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை அது விசாரித்தது. கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பது அன்றைய பொதுப்புத்தி. மனநலக் காப்பகப் பதிவேடுகளும் அப்படித்தான் சொல்லின. ஆணையம் அந்தப் பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்தபோது, நோய்க்குக் காரணம் 'கஞ்சா' என்று எழுதப்பட்ட பல இடங்களில் மருத்துவர் எவரும் அதைக் கண்டறிந்திருக்கவில்லை. நோயாளியை அனுப்பிவைத்த போலீஸ் எழுதிக்கொடுத்ததே காரணமாகப் பதிவாகியிருந்தது. மிதமான பயன்பாட்டால் பெரும் கேடு இல்லை, முழுத் தடை தேவையில்லை என்று 1894இல் ஆணையம் முடிவு சொன்னது. கஞ்சா வரியால் அரசுக்கு வருமானம் இருந்ததையும் நாம் மறக்க வேண்டாம். ஆனாலும் போலீஸ் எழுதியதையே உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல் சரிபார்த்தார்கள். அமெரிக்கா அதைக்கூடச் செய்யவில்லை.

1910இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்தது. உழைக்கும் மக்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களுக்கு வந்தார்கள். அவர்கள் புகைத்த இலைக்கு 'மரிஹுவானா' என்று பெயர். மருந்துக்கடையில் 'கன்னாபிஸ்' என்ற பெயரில் இருந்தபோது அது மருந்து. மெக்சிகோக் கூலிக்காரரின் கையிலும் கறுப்பின இசைக்கலைஞரின் கையிலும் வேறு பெயரில் இருந்தபோது அது குற்றம். பெயரை மாற்றி இழிவுபடுத்தும் வித்தையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1930இல் தொடங்கப்பட்ட கூட்டாட்சிப் போதைப்பொருள் பிரிவின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். கொலை, பைத்தியம், பாலியல் வன்முறை எல்லாவற்றுக்கும் கஞ்சாவே காரணம் என்று பிரச்சாரம் செய்தார். அதன் விளைவு 1937ஆம் ஆண்டின் மரிஹுவானா வரிச் சட்டம். விசாரணையில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் பேசிய வில்லியம் உட்வர்ட் அந்த மசோதாவை எதிர்த்தார். இத்தனை குற்றச்சாட்டுக்கும் நேரடி ஆதாரம் எங்கே என்று கேட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1942இல் மருந்து நூலிலிருந்தும் கஞ்சா நீக்கப்பட்டது.

1969இல் உச்ச நீதிமன்றம் வரிச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அந்த இடத்தை நிரப்ப நிக்சன் அரசு 1970இல் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் ஐந்து பட்டியல்கள். முதல் பட்டியலுக்கு மூன்று அடையாளங்கள்: தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பு அதிகம், ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவப் பயன் இல்லை, மருத்துவர் மேற்பார்வையிலும் பாதுகாப்பில்லை. ஹெராயினோடு கஞ்சாவும் அங்கே வைக்கப்பட்டது. கொக்கைன் இரண்டாம் பட்டியலில், அதாவது ஒரு படி கீழே. ஆய்வு முடியும்வரையாவது கஞ்சா முதல் பட்டியலில் இருக்கட்டும் என்பதே அன்று சுகாதாரத் துறை சொன்ன யோசனை.

ஆய்வும் வந்தது. பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ரேமண்ட் ஷேஃபர் தலைமையிலான ஆணையம் 1972இல் அறிக்கை கொடுத்தது. சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றமாக்கக் கூடாது என்றது. நிக்சன் அதை ஏற்கவில்லை. தற்காலிகம் என்று வைத்த பொருள் அங்கேயே தங்கிவிட்டது. 1988இல் போதைப்பொருள் தடுப்பு நிர்வாகத்தின் நிர்வாக நீதிபதி பிரான்சிஸ் யங், கஞ்சாவை இரண்டாம் பட்டியலுக்கு மாற்றலாம் என்று தீர்ப்புரைத்தார். அதே நிர்வாகம் மறு ஆண்டே அதை நிராகரித்தது.

இனி அந்தப் பூட்டைப் பாருங்கள். முதல் பட்டியலில் உள்ள பொருளை ஆராயத் தனி உரிமம் வேண்டும், தனிப் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். 1999 முதல் 2015வரை, அரசு நிதி பெறாத ஆய்வாளர்கள் கூடுதலாக இன்னொரு அரசுக் குழுவின் ஒப்புதலையும் பெற வேண்டியிருந்தது. சட்டப்படி ஆய்வுக்குக் கஞ்சா பயிரிட ஒரே ஒரு இடம்தான்: மிசிசிப்பி பல்கலைக்கழகம். 1968இல் தொடங்கிய அந்த ஏகபோகம் 2021வரை நீடித்தது. தானும் பயிரிட அனுமதி கேட்டு 2001இல் விண்ணப்பித்த பேராசிரியர் லைல் கிரேக்கருக்குச் சாதகமாக 2007இல் நிர்வாக நீதிபதி பரிந்துரைத்தும், 2009இல் கதவு சாத்தப்பட்டது.

மருத்துவப் பயன் இல்லை என்பதால் முதல் பட்டியல். முதல் பட்டியல் என்பதால் ஆய்வுக்குத் தடை. ஆய்வு இல்லாததால் மருத்துவப் பயனுக்குச் சான்று இல்லை. பள்ளிக்கூடத்து வாசலில் நம் பாட்டன்களை மறித்து நின்றவர்கள்தான், பிறகு 'இவங்களுக்குப் படிப்பு வராது' என்றும் சொன்னார்கள். அதே தர்க்கம்தான் இதுவும்.

கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியால் மருந்துக்கு, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இரண்டு கடும் வலிப்பு நோய்களுக்காக, 2018இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஓ'ஷாக்னெஸி கொடுத்த சாறும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் கல்கத்தாக் குழந்தைக்கும் இந்த ஒப்புதலுக்கும் நடுவே 179 ஆண்டுகள் கிடக்கின்றன. ஆய்வை எளிதாக்கும் சட்டம் 2022இல்தான் வந்தது. கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு மாற்றலாம் என்று சுகாதாரத் துறை 2023இல் பரிந்துரைத்தது. 2024 மே மாதத்தில் நீதித்துறை அமைச்சகம் அதை முறைப்படி முன்மொழிந்தது.

இடைப்பட்ட காலத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் 2018ஆம் ஆண்டின் கைதுகளை ஆராய்ந்தது. கறுப்பின மக்களும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சாவைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.64 மடங்கு அதிகம். செடிக்கு நிறம் தெரியாது. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரிகிறது.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் ஒரே செடியை இரண்டாகப் பிரிக்கிறது. பூக்கும் நுனி கஞ்சா, அது குற்றம். நுனி சேராத இலை அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. அந்த இலையில்தான் பாங் அரைக்கிறார்கள். வடக்கே சில மாநிலங்களில் அரசு உரிமத்தோடு பாங் கடை நடக்கிறது, பண்டிகைக்குப் பிரசாதமாகிறது. எது வழிபாடு, எது வழக்கு என்று கோடு போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பது நம் உரிமை.

பட்டியல் என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு நினைவுகள் உண்டு. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக எழுதிப் பட்டியல் போட்டது. 1936இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, அண்ணல் அம்பேத்கர் உள்ளிட்டோரின் போராட்டத்தின் தொடர்ச்சியாக நமக்குக் கேடயமானது. முதல் பட்டியலை எழுதியபோது அதில் எழுதப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. இரண்டாவதற்கு முன்னால் நம் ஆள் வட்டமேசையில் உட்கார்ந்து வாதாடியிருந்தார்.

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் தெருப் பையன் மீது கஞ்சா வழக்கு வந்தால் தலைகுனிந்து ஒதுங்காதீர்கள். கைப்பற்றல் மகஜரைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை கிராம், சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். உடலைச் சோதனையிட்டிருந்தால், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கோரும் 50ஆம் பிரிவு உரிமையை அவனுக்குச் சொன்னார்களா என்று பாருங்கள். 1894இல் ஆணையம் காப்பகப் பதிவேட்டைத் திறந்து பார்த்ததுபோல, அந்தத் தாளில் எழுதியிருப்பதை வரிவரியாகச் சரிபாருங்கள்.