ஏழ்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு: பண்பொழி வட்டாரத்தில் கல்லூரிக் கல்வி உதவி வளர்ந்த வரலாறு

கல்லூரிப் படிப்புக்கு உதவி கேட்கும் ஒருவர் தம்மைப் பற்றி எதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை, சென்ற எண்பது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. உதவித்தொகை எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட இந்த நிபந்தனை எப்படி மாறியது என்பதே விண்ணப்பிக்கும் குடும்பத்தின் அலைச்சலைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். தென்காசி மாவட்டம் செங்கோட்டை வட்டத்தில், திருமலைக் குமாரசுவாமி கோயில் மலையடிவாரத்தில் அமைந்துள்ள பண்பொழி, வயல் வேலையோடு பீடி சுற்றும் தொழிலும் பரவிய வட்டாரத்தைச் சேர்ந்தது. ஆகவே அரசு, கோயில், தொழிலாளர் நலநிதி, வங்கி ஆகிய நான்கு வழிகளையும் ஒரே ஊரை முன்வைத்து ஆராய முடிகிறது.

கற்பவருக்கு உணவளிக்கும் அறம் தமிழகத்தில் பழமையானது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்களுக்கு நாள்தோறும் நெல் அளந்து கொடுக்க ஏற்பாடு செய்ததைத் தெரிவிக்கிறது. அங்கே அளவை நிர்ணயித்தது மாணவரின் வறுமையன்று, அவர் கற்ற பாடத்தின் படிநிலையே. கோயில் வருவாய் கல்விக்குச் செல்லும் இம்மரபு இருபதாம் நூற்றாண்டில் வேறு வடிவம் பெற்றது. இந்து சமய அறநிலையத் துறையின்கீழ், குற்றாலநாதசுவாமி கோயிலின் ஆதரவில் 1964இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இதற்குத் தக்க சான்று. தனியொரு மாணவிக்குப் பணம் கொடுப்பதும், அவள் வீட்டுக்கு அருகிலேயே கல்லூரியை நிறுவுவதும் ஒன்றல்ல. முன்னதற்கு விண்ணப்பம் தேவை. பின்னதோ விடுதிச் செலவையே பேருந்துக் கட்டணமாகக் குறைத்துவிடுகிறது. உதவித்தொகை வரலாறுகளில் இத்தகைய கல்லூரிகள் இடம்பெறாமல் போவது ஒரு குறையே.

அரசு வழங்கிய உதவியின் தொடக்கம் வேறு வகையானது. சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டளவில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நலப்பணி தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அதன் ஒரு பகுதியாகக் கல்வி உதவியும் அமைந்தது. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கென மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை, அதாவது பள்ளியிறுதித் தேர்வுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவி, இந்திய அரசால் தொடங்கப்பட்டது. பின்னர் அது பழங்குடியினருக்கும் விரிந்தது. 1956 நவம்பர் 1இல் செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது; 1959-60இல் இத்திட்டத்தின் நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தபோது, இப்பகுதி மாணவர்களின் கோப்புகள் சென்னையை நோக்கிச் செல்லும் நிலை ஏற்பட்டிருந்தது. கல்விக் கட்டணமும் பராமரிப்புப் படியும் இதில் அடங்கின. படி என்பது விடுதியில் தங்குபவருக்கு ஒரு வீதத்திலும், வீட்டிலிருந்து சென்று வருபவருக்கு அதைவிடக் குறைந்த வீதத்திலும் வழங்கப்படும் தொகை.

இக்காலத்தில் வேரூன்றிய இரண்டு தாள்கள் இன்றுவரை மறையவில்லை: சாதிச் சான்று, வருமானச் சான்று. பிறப்போடு நிலைத்துவிடும் சாதியைச் சான்றளிப்பது ஒப்பீட்டளவில் எளிது. மாதச் சம்பளம் இல்லாத வீட்டின் வருமானமோ மதிப்பீடுதான். களையெடுப்புக்கும் அறுப்புக்கும் மட்டும் கூலி கிடைக்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைக் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுத, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைக்க, வட்டாட்சியர் ஒப்பமிட வேண்டும். ஊர்க்கணக்கைப் பரம்பரை மணியமும் கர்ணமும் வைத்திருந்த முறை 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். ஏழை என்று எழுதித் தரும் அதிகாரம், ஊர்ப் பெரிய குடும்பங்களின் பிடியிலிருந்து தேர்வின் வழி நியமிக்கப்பட்ட அலுவலருக்கு மாறியது. இன்று இ-சேவை மையத்தில் பதிந்து மின்னொப்பமிட்ட சான்றைப் பெறலாம். ஆயினும் விசாரணை அதே மூன்று மேசைகளைக் கடந்தே வருகிறது.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. 1976ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின்கீழ், மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு பள்ளி முதல் தொழிற்படிப்பு வரை கல்வி உதவி வழங்குகிறது. அதன் உச்ச அளவு தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். இங்கே மெய்ப்பிக்க வேண்டியது தாயின் தொழில். கம்பெனி கொடுக்கும் இலையையும் தூளையும் வீட்டிலிருந்தே சுற்றிக் கொடுக்கும் பெண்ணிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் வழி திறக்கும். வேறொருவர் பெயரிலுள்ள பாஸ் புத்தகத்தில் கணக்குச் சேர்த்துச் சுற்றுபவருக்கு, உழைப்பு ஒன்றேயாயினும், அது திறக்காது. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது பீடி மீதான நலவரி நீக்கப்பட்டு, இந்நிதி வரவுசெலவுத் திட்ட ஒதுக்கீட்டைச் சார்ந்ததாயிற்று.

1984 முதல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகியதும், பழைய உதவித்தொகைகளால் எட்ட முடியாத கட்டணம் உருவாயிற்று. மத்திய அரசு 1963இலேயே வட்டியில்லாக் கடன் உதவித்தொகையைத் தொடங்கியிருந்தாலும், கல்விக்கடன் வங்கிக்குரியதாக மாறியது 2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் ஏற்கப்பட்ட பின்னரே. நான்கு லட்சம் ரூபாய் வரை பிணை, அதாவது ஈடாக வைக்கும் சொத்து, தேவையில்லை என்பது அதன் முதன்மை விதி. படிப்புக்காலத்து வட்டியை, ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, மத்திய அரசே ஏற்கும் வட்டி மானியம் 2009-10இல் வந்தது. நடைமுறையில், மாணவர் வீடு தங்கள் சேவைப் பகுதிக்குள் இல்லை என்று கூறி வங்கிக் கிளைகள் விண்ணப்பங்களைத் திருப்பின. அக்காரணத்தால் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் அறிவுறுத்தியது. விதியை அறிந்து மேலாளரிடம் வாதிடக்கூடிய ஒருவர் வீட்டில் இல்லாதபோது இவ்வறிவுறுத்தலின் பயன் குறைவே.

அப்படி ஒருவர் வீட்டில் இல்லாத நிலையையே தகுதியாக மாற்றியது 2010-11இல் தமிழக அரசு கொண்டுவந்த முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் பட்டம் பெற்றவர் எவருமில்லை என்ற சான்றோடு ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பில் சேர்பவருக்குப் படிப்புக் கட்டணம் விலக்கப்பட்டது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவரே முதல் பட்டதாரியாக முடியும். அக்காள் சலுகை பெற்றுப் படித்தால், தம்பி அதே வீட்டில் அதே வருமானத்தில் வாழ்ந்தும் அதைப் பெற முடியாது.

இதற்கடுத்த மாற்றமே மிக ஆழமானது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அவ்வாறு சேர்ந்தவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்றது. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாயை வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு நடந்த திருமண உதவித் திட்டமே இவ்வாறு உருமாறியது. பழைய திட்டத்தில் 72,000 ரூபாய் ஆண்டு வருமான வரம்பு இருந்தது, புதியதில் வரம்பே இல்லை. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் மாணவர்களுக்கும் அதை விரித்தது. பள்ளிப் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள செய்தியே இங்கு தகுதியாவதால், ஏழ்மையை மெய்ப்பிக்கும் வேலை குடும்பத்தின் தலையிலிருந்து இறங்குகிறது. 2024 இறுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளும் இதற்குள் வந்தனர். கடன்பட்டாவது பிள்ளையைத் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்த கூலிக் குடும்பங்கள் மட்டும் இவ்வேலிக்கு வெளியே நிற்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளிவந்ததும் அவர்கள் வருமானச் சான்றுக்கும் வங்கிக் கிளைக்கும் முன்போலவே அலைய வேண்டியிருக்கிறது.