காயம் ஆறிய பின்னும் தொடரும் வலி: ஒரு மருத்துவக் கருத்தின் வரலாறு

காயம் ஆறிய பிறகும் வலி மாதக்கணக்கில் நீடித்தால் என்ன செய்வது? மேற்கத்திய மருத்துவம் நெடுங்காலம் இதற்கு இரண்டே வழிகளை அறிந்திருந்தது. ஒன்று, நரம்பை வெட்டுவது. மற்றொன்று, கோளாறு நோயாளியின் மனத்தில்தான் என்று கைவிரிப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. பிரெஞ்சுத் தத்துவஞானி ரெனே டெக்கார்ட் இறந்தபின் 1660களில் வெளிவந்த அவரது நூலில், தீயருகே கால் நீட்டிய மனித உருவம் ஒன்று வரையப்பட்டிருக்கிறது. பாதத்திலிருந்து மூளைவரை ஓர் இழை ஓடுகிறது. காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவே என்ற எண்ணம் அந்தப் படத்தின் வழியே வேரூன்றியது. அப்படியானால், காயமே இல்லாத இடத்தில் வலி இருக்க நியாயமில்லை.

இந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர்கள் சிப்பாய்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடி பட்டவர்களுக்குப் பிலடெல்பியாவில் சிகிச்சை அளித்தவர் சைலஸ் வீர் மிட்செல். குண்டுக் காயம் மூடிவிட்ட பிறகும் கை நெருப்பாக எரிகிறது என்று அவர்கள் துடித்தார்கள். செய்தித்தாள் சலசலத்தாலோ, வார்டில் ஒருவர் நடந்து போனாலோ எரிச்சல் கூடியது. கையை எந்நேரமும் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். சிலர் நடக்கும்போது ஏற்படும் உராய்வைக் குறைக்கப் பூட்சுக்குள்ளும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். மிட்செல் இதை மனப்பிரமை என்று ஒதுக்கவில்லை. நோயாளிகள் சொன்னதைச் சொன்னபடியே குறித்துவைத்து, 1872இல் வெளியிட்ட நரம்புக் காயங்கள் பற்றிய நூலில் இந்நிலையை விரிவாக விளக்கினார். நாள்பட்ட வலி பற்றிய ஆய்வு தொடங்குவது இங்கேதான் என்பது என் கருத்து.

எதிர்த்திசைச் சான்று இரண்டாம் உலகப் போரில் கிடைத்தது. ஹென்றி பீச்சர் என்ற மயக்க மருந்து நிபுணர், படுகாயமடைந்த 215 சிப்பாய்களிடம் விசாரித்து 1946இல் எழுதிய கட்டுரையின்படி, வலிக்கு மருந்து வேண்டும் என்றவர்கள் ஏறத்தாழக் கால் பங்கினரே. பெரிய காயத்தோடு சிறிய வலியும் இருக்க முடிந்தது.

சிகிச்சை முறையையே திருப்பிப் போட்டவர் ஜான் பொனிக்கா. இத்தாலியத் தீவொன்றில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், மல்யுத்தம் ஆடிச் சம்பாதித்த பணத்தில் மருத்துவம் படித்தவர். அந்த மல்யுத்தமே அவருக்கு ஆயுள் முழுவதும் மூட்டு வலியைக் கொடுத்தது. போர்க்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்து ராணுவ மருத்துவமனையில், புரிபடாத வலியோடு வந்தவர்களைப் பற்றி நரம்பியல், எலும்பியல், மனநல மருத்துவர்களோடு கூடிப் பேசத் தொடங்கினார். ஒருவருக்கு விளங்காதது மற்றவருக்கு விளங்கியது. 1953இல் வந்த அவரது ‘வலி மேலாண்மை’ பெருநூலும், பின்னர் சியாட்டிலில் அவர் வளர்த்த பலதுறை வலி சிகிச்சை மையமும் அந்தப் பேச்சிலிருந்து பிறந்தவை. 1973இல் அவர் கூட்டிய மாநாட்டிலிருந்து பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் உருவாயிற்று.

பொனிக்கா வார்டில் கண்டதற்கு உடலியல் விளக்கம் தந்தவர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும். தண்டுவடத்தில் வலிச் சேதி அப்படியே கடந்து போவதில்லை. அங்கே ஒரு வாயிற்கதவு இருக்கிறது, தொடு உணர்வும் மூளையிலிருந்து இறங்கிவரும் ஆணைகளும் அதைத் திறக்கவோ சாத்தவோ செய்கின்றன என்று 1965இல் அவர்கள் வாதிட்டார்கள். இடித்துக்கொண்ட இடத்தைக் கை தன்னாலே தேய்ப்பது ஏன் என்பது இதனால் விளங்கிற்று. கோட்பாட்டின் நுணுக்கங்கள் சில பின்னர் தவறென்று தெரிந்தாலும் அடிப்படை நிலைத்தது. 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் எலிகளில் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி ஏறியது: காயத்துக்குப் பின் தண்டுவட நரம்பணுக்களே கூருணர்வு அடைந்துவிடுகின்றன. மிட்செலின் சிப்பாய்களுக்கு வார்டின் காலடி அதிர்வுகூட வலியானதைப் புரிந்துகொள்ள இது வழி திறந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் சிகிச்சை வழி தவறியது. மருத்துவமனையில் அபின்வகை மருந்து பெற்றவர்கள் அரிதாகவே அடிமையானார்கள் என்று ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் 1980இல் மருத்துவ இதழொன்றில் வந்தது. உள்நோயாளிகளைப் பற்றிய அந்தக் குறிப்பு, ஆண்டுக்கணக்கில் வீட்டில் மாத்திரை விழுங்குவோருக்கும் பொருந்தும் என்பதுபோல் மேற்கோள் காட்டப்பட்டது; 2017இல் எண்ணிப் பார்த்தபோது 608 கட்டுரைகள் அதைச் சுட்டியிருந்தன. 1996இல் சந்தைக்கு வந்த ஆக்சிகாண்டின் என்ற அபின்வகை மாத்திரை அந்த நம்பிக்கையின் மேல்தான் விற்கப்பட்டது. இந்தியாவில் நேர்மாறான துன்பம்: 1985இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் புற்றுநோயாளிக்குக்கூட மார்ஃபின் கிடைக்காமல் போயிற்று; 2014இல் திருத்தம் வரவேண்டியிருந்தது. தேவையற்ற இடத்தில் மருந்து குவிந்தது, தேவைப்பட்ட இடத்தில் இல்லை.

உடற்பயிற்சி, தூக்கம், பயத்தைத் தணிக்கும் உளச்சிகிச்சை, அளவோடு மருந்து ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் பொனிக்காவின் வழிக்கே இன்றைய மருத்துவம் திரும்பியிருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் நாள்பட்ட வலிக்குத் தனிக் குறியீடு உண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட வலி. வேறு நோய் எதுவும் அதற்குக் காரணமாகக் காட்டப்படாவிட்டாலும், வலியையே நோயாகப் பதிவு செய்யலாம்.