இணைப்புக்கு யார் சம்மதம்? லூசியானாவின் மூன்றில் இரண்டு பங்கு விதி

அரசுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் மசோதாக்கள் பெரும்பாலும் செலவுக் கணக்கோடுதான் சட்டமன்றத்துக்கு வருகின்றன. சேர்க்கை குறைந்துவிட்டது, ஒரே ஊரில் இரண்டு நிர்வாகம் எதற்கு என்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த இரண்டும் எப்படி வந்தன என்பது அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே இணைப்புச் சட்டத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு அமெரிக்காவின் லூசியானா மாநிலம் சான்று.

நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மாணவர்களுக்கென்று சதர்ன் பல்கலைக்கழகத்தின் கிளையை நிறுவ 1956இல் சட்டம் இயற்றப்பட்டது. 1959இல் வகுப்புகள் தொடங்கின. அதற்கு ஓராண்டு முன்பே, ஏரிக்கரையில் இருந்த பழைய கடற்படை விமானத் தளத்தில், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளை திறக்கப்பட்டு இரு இனத்தவரையும் சேர்த்துக்கொண்டிருந்தது. அருகிலேயே பொதுக் கல்லூரி இருக்கும்போதே தனிக் கல்லூரியும் எழுந்தது. பிரிவினைக்காகத் தோன்றிய அந்த நிறுவனம்தான் பிற்காலத்தில் கறுப்பினக் குடும்பங்களுக்கு ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் உருவாக்கித் தந்தது. 2005இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் அதன் வளாகம் மூழ்கியது. மாணவர் எண்ணிக்கை இரு இடங்களிலும் சரிந்தது.

2011 ஜனவரியில் ஆளுநர் பாபி ஜிந்தல் இரண்டையும் இணைக்க முனைந்தார். இங்கேதான் 1974ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு குறுக்கே வந்தது. புதிய நிறுவனம் உருவாக்கவோ, இருக்கும் நிறுவனத்தை ஓர் ஆட்சிக் குழுவிடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றவோ வேண்டுமானால், உயர்கல்வி வாரியம் முதலில் ஆராய்ந்து அறிக்கை தர ஓராண்டு அவகாசம் உண்டு. அதன் பிறகே சட்டம் இயற்றலாம், அதுவும் ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு. 105 பேர் கொண்ட கீழவையில் 70 வாக்குகள் வேண்டும். வாரியம் ஆதரித்தும் அந்த எண்ணிக்கை தேறவில்லை. மசோதாவைக் கொண்டுவந்த அவைத் தலைவர் ஜிம் டக்கரே மே மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றார்.

இத்தகைய விதி எந்த மாற்றத்தையும் நடக்கவிடாது என்பார்கள். நடந்தது வேறு. அதே 2011இல், ஏரிக்கரைக் கிளையாகத் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகம் வேறோர் ஆட்சிக் குழுவுக்கு மாற்றப்பட்டது; 2025இல் பழைய குழுவிடமே திரும்பச் செல்லவும் சட்டம் நிறைவேறியது. விதி தடுத்தது, உடன்பாடு எட்டப்படாத ஒன்றை மட்டுமே. நியூ ஜெர்சியிலும் இதே பாடம் கிடைக்கிறது. கேம்டன் நகரிலுள்ள ரட்கர்ஸ் வளாகத்தை ரோவன் பல்கலைக்கழகத்தோடு சேர்க்க 2012இல் முன்வைத்த திட்டம், மாணவர், ஆசிரியர் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. ரட்கர்ஸின் ஆட்சிமுறையை வகுத்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதன் அறங்காவலர்களுக்குத் தந்திருந்த உரிமையும் அரசின் கையைக் கட்டியது. அதே திட்டத்தில் இருந்த மருத்துவக் கல்வி நிறுவனங்களின் இணைப்போ தடையின்றி 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் லூசியானா விதியில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பெயரையும் ஆட்சிக் குழுவையும் அது காக்கிறது, பணத்தைக் காப்பதில்லை. ஆண்டு நிதி ஒதுக்கீட்டைக் குறைக்கச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். 2008க்குப் பின் உயர்கல்வி நிதியை மிகக் கடுமையாக வெட்டிய மாநிலங்களில் லூசியானாவும் ஒன்று. இணைப்புக்கு முன் கட்டாயமாக்கப்பட்ட அந்த ஆய்வறிக்கையை, ஒரு நிறுவனத்தின் நிதியைத் தொடர்ந்து குறைக்கும் ஒவ்வொரு முறையும் சட்டமன்றம் கேட்டுப் பெற வேண்டும்.