மின்கார், ஹைபிரிட், மாற்று எரிபொருள் கார்: படூர் வட்டார நடைமுறை

பெட்ரோலையும் டீசலையும் மட்டும் நம்பாத கார்கள் இந்தியாவில் இன்று முக்கியமாக மூன்று வகையில் கிடைக்கின்றன. பேட்டரியால் மட்டுமே ஓடுவது மின்கார். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுப்பது ஹைபிரிட். அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடுவது சி.என்.ஜி. கார். எல்.பி.ஜி., எத்தனால், ஹைட்ரஜன் ஆகியவை இவற்றின் ஓரத்தில் நிற்கின்றன. எந்த வகை யாருக்கு ஒத்துவரும் என்பது விலையைவிட, இரவில் கார் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது.

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே உள்ள படூரில் இதைத் தெளிவாகக் காணலாம். சிறுசேரி சிப்காட் பூங்கா அருகில் இருப்பதால் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்துவிட்ட ஊர் இது. கிழக்கே பக்கிங்காம் கால்வாயைக் கடந்தால் முட்டுக்காடு, கோவளம் கடற்கரை. இங்குள்ள ஒரு குடும்பத்தின் கார் வாரநாட்களில் அலுவலகம், பள்ளி என்று முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடும். எப்போதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரமோ புதுச்சேரியோ போகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊருக்குப் போகும். முதல் இரண்டு ஓட்டங்களுக்கும் மின்கார் எளிதாகப் பொருந்துகிறது. மூன்றாவதற்குத்தான் திட்டமிடல் வேண்டும்.

இத்தகைய கார்களின் தயாரிப்பிலும் இவ்வட்டாரத்துக்குப் பங்குண்டு. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலை 2019இல் கோனா எலக்ட்ரிக்கையும் 2025இல் கிரெட்டா எலக்ட்ரிக்கையும் வெளியிட்டது. மஹிந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இயங்குகிறது.

வீட்டில் சார்ஜ் ஏற்றுதல்

தனி வீட்டில் இது சிறிய வேலை. ஏ.சி.க்குப் போடும் அதே 15 ஆம்பியர் பிளக் பாயின்டில் மணிக்குச் சுமார் 2.5 முதல் 3 யூனிட் வரை ஏறும். 30 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப ஓரிரவு முழுதும் ஆகும் என்றாலும், நாற்பது கிலோமீட்டர் ஓடிய காருக்கு வேண்டியது ஆறு யூனிட்தான். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வைப்பதென்றால் 32 ஆம்பியர் தாங்கும் தனிச் செம்புக் கம்பி, தனி பிரேக்கர், கசிவுமின் பாதுகாப்புக் கருவி ஆகியவை வேண்டும். மின்வாரியத்தில் பதிவாகியுள்ள மின்பளுவையும் உயர்த்த வேண்டிவரும். எர்த் சரியாக இல்லாவிட்டால் பெரும்பாலான சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். கோளாறு என்று சர்வீஸ் மையத்துக்குப் போகும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்வது நல்லது. கடலோர மணலில் கோடையில் குழி காய்ந்துபோகும். உப்பீரத்தில் கம்பி அரித்தும் போகும்.

அடுக்குமாடியில் நிலைமை வேறு. மீட்டர்கள் எல்லாம் ஓர் அறையில் இருக்கும்; உரிமையாளரின் கார் நிறுத்துமிடம் இரண்டு பிளாக் தள்ளி இருக்கும். வழிகள் மூன்று. வீட்டு மீட்டரிலிருந்து நேரே கேபிள் இழுப்பது கணக்குக்குச் சுத்தமானது, ஆனால் தூரம் கூடக் கூட கம்பியின் தடிமனும் செலவும் கூடும். பொது மின்இணைப்பில் துணை மீட்டர் வைத்து மாதாமாதம் சங்கத்துக்குப் பணம் கட்டுவது இரண்டாவது வழி. பொது இணைப்பின் யூனிட் விலை வீட்டு விலையைவிடப் பெரும்பாலும் அதிகம் என்பதால், என்ன விலைக்குக் கணக்கிடுவது என்று பொதுக்குழுவில் வாக்குவாதம் எழுவதுண்டு. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றிரண்டு சார்ஜர்களை வைத்து, செயலி வழியாகக் கட்டணம் வாங்குவது மூன்றாவது. மத்திய அரசு 2019இல் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, வாகன நிறுத்தத்தில் 20 விழுக்காட்டுக்குச் சார்ஜ் வசதி வைக்கச் சொன்னது. அதற்கு முன் கட்டிய குடியிருப்புகளில் கேபிள் போகும் தடம்கூட இராது. வீடு வாங்குவோர் கார் நிறுத்துமிடத்திலிருந்து மீட்டர் அறை எத்தனை அடி என்று கேட்டு வைப்பது வீண்போகாது.

மின்வெட்டின்போது ஜெனரேட்டரில் காருக்குச் சார்ஜ் ஏறாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு அரை கிலோவாட், ஒரு கிலோவாட் என்று அளந்து கொடுக்கும் மின்சாரம் விளக்குக்கும் விசிறிக்குமே ஆகும். மின்சாரம் திரும்பியதும் தானாகத் தொடரும் சார்ஜரா, மறுபடி பொத்தானை அழுத்த வேண்டிய சார்ஜரா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

மின்கட்டணக் கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிமுறையில் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விலைப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 600 வரை 8.55, 800 வரை 9.65, 1000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். காருக்கான யூனிட்டுகள் வீட்டு யூனிட்டுகளின் தலைமேல் ஏறி உட்காருபவை. ஆகவே அவற்றுக்கு மேல்படி விலைதான் விழும், சராசரி விலை அல்ல. 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்துவந்த கூடுதல் மானியமும் போய்விடும்.

இரண்டு மாதத்தில் 400 யூனிட் எரிக்கும் வீட்டில் மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும் மின்கார் சேர்ந்தால், யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்றும் ஏற்றும்போது பத்துப் பன்னிரண்டு விழுக்காடு வீணாகும் என்றும் கொண்டால், 320 யூனிட் கூடும். மேற்சொன்ன விலையில் இது 2,658 ரூபாய். மானிய இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 என்று வைக்கலாம். அதே 2000 கிலோமீட்டருக்கு லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார், லிட்டர் நூறு ரூபாய் என்றாலும், 13,000 ரூபாய்க்கு மேல் விழுங்கும். சாலையோர வேகச் சார்ஜரில் யூனிட் விலை வீட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆவதால், எப்போதும் வெளியிலேயே சார்ஜ் ஏற்றுபவருக்கு இந்த லாபம் வெகுவாகத் தேய்ந்துவிடும்.

மாடியில் சூரியத் தகடு வைத்திருப்போரின் கணக்கு இன்னும் இனிது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அந்த அமைப்பு நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் அளவுக்குத் தரும். கார் எண்பது கிலோமீட்டர் ஓட அது போதும்.

ஓட்டத் தொலைவு

நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் தொலைவு ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைத்தது. 2020இல் வந்த முதல் டாடா நெக்ஸான் மின்காருக்குச் சான்றளிக்கப்பட்ட தொலைவு 312 கிலோமீட்டர்; சாலையில் 200ஐ ஒட்டித்தான் கிடைத்தது. சான்றில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு என்று கொள்வது பாதுகாப்பான கணக்கு.

பழைய மாமல்லபுரம் சாலையில் மெட்ரோ ரயில் பணியால் நெரிசல் கூடியிருக்கிறது. நெரிசலில் பெட்ரோல் கார் நின்ற இடத்திலேயே எரிபொருளைக் குடிக்கும். மின்காரும் ஹைபிரிட்டும் பிரேக் பிடிக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிவிடும். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் ஏ.சி. மணிக்கு ஒன்று முதல் இரண்டு யூனிட் வரை எடுக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் காரை நகர்த்த மூன்று யூனிட், குளிர்விக்க ஒன்றரை யூனிட் என்ற விகிதம் வந்துவிடும். நிழலில் நிறுத்துவதும், சார்ஜரைக் கழற்றும் முன்பே ஏ.சி.யைப் போட்டு உள்ளே குளிர்வித்துவிடுவதும் இதற்கு எளிய மருந்து.

நெடுஞ்சாலையில் ஏற்ற சி.சி.எஸ். 2 என்ற இணைப்பே இப்போது பொது. பழைய மஹிந்திரா இ-வெரிட்டோ, தொடக்ககால டாடா டிகோர் மின்கார் ஆகியவற்றுக்கு வேறு இணைப்பு இருந்தது; பழைய கார் வாங்குவோர் இதைப் பார்க்க வேண்டும். வேகச் சார்ஜர் 80 விழுக்காடு வரை விறுவிறுவென்று ஏற்றிவிட்டு அதன்பின் தளர்ந்துவிடும். ஆகவே நூறு நிரம்பும்வரை காத்திருப்பதைவிட எண்பதில் கிளம்பி அடுத்த இடத்தில் ஏற்றுவது நேரத்தை மிச்சப்படுத்தும். பண்டிகைக் கூட்டத்தில் வரிசை நிற்பதால், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மாற்று நிறுத்தம் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்வது பயணிகளின் வழக்கமாகியிருக்கிறது.

மழை, உப்புக்காற்று, பேட்டரி

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் சென்னையின் தெற்குப் புறநகரில் கார் வைத்திருப்போருக்குப் பெரிய பாடங்கள். மின்கார் பேட்டரிகள் பெரும்பாலும் ஐ.பி. 67 தரத்தில் மூடப்பட்டவை; அதாவது ஒரு மீட்டர் ஆழத்து நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டவை. இரவு முழுதும் அடித்தளத்தில் மூழ்கிக் கிடக்கும் காருக்கு அந்தச் சோதனை பொருந்தாது. முகத்துவாரத்து உப்புநீர் கலந்திருந்தால் ஆபத்து அதிகம். மூழ்கிய மின்காரையோ ஹைபிரிட்டையோ இயக்கிப் பார்க்காமல், சார்ஜும் ஏற்றாமல், சக்கரங்கள் தரையில் உருளாதபடி மேடை வண்டியில் ஏற்றி எடுத்துச் செல்ல வேண்டும். மழை எச்சரிக்கை வந்ததும் அடித்தளத்திலிருந்து மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துவதே சிறந்த காப்பீடு.

கடற்கரையில் பலர் எதிர்பாராத இன்னொன்று பிரேக். மின்காரில் பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் தட்டு பிரேக்குக்கு வேலை குறைவு. உப்புக்காற்றில் அது துருப்பிடித்துவிடும். வாரத்தில் ஓரிரு முறை காலியான சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்து அதைத் தேய்த்து விடுவது நல்லது. சார்ஜ் துளையின் மூடியையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். மின்காருக்குள்ளும் ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இது செத்துவிட்டால் கார் விழிக்காது. மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு வெளிநாடு போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரிய பேட்டரியில் இரு வேதியியல் வகைகள் பரவலானவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தை நன்கு தாங்கும்; அவ்வப்போது நூறு விழுக்காடு ஏற்றினால்தான் அளவுமானி சரியாகக் காட்டும். நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் வகையை அன்றாடம் எண்பதோடு நிறுத்திக்கொள்வது ஆயுளுக்கு நல்லது. உத்தரவாதம் வழக்கமாக 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். சில நிறுவனங்கள் 2025இல் வாழ்நாள் உத்தரவாதம் அறிவித்தன. அது கைமாறும்போது குறையுமா என்பதை நிபந்தனைத் தாளில் படித்துக்கொள்ள வேண்டும். ஆயுள் முடிந்த பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்மீது வைத்துள்ளன.

ஹைபிரிட்

சார்ஜ் வசதிக்கு வழியே இல்லாத வீட்டுக்கு ஹைபிரிட் ஒரு விடை. இந்தியாவில் விற்கும் ஹைபிரிட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு பிளக் கிடையாது; பெட்ரோல் போட்டால் போதும். டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஆகியவற்றின் முழு ஹைபிரிட் வகைகள் சிறிது தூரம் எஞ்சின் இல்லாமலே ஓடும். ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்ற பட்டையோடு வருபவை வேறு. அவற்றில் மின்மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர தனியே காரை இழுக்காது. இருக்கைக்கு அடியில் பேட்டரி உள்ள கார்களில் அதைக் குளிர்விக்கும் காற்றுத் துளை உட்புறத்தில் இருக்கும். பையையும் துண்டையும் வைத்து அதை அடைத்துவிடக்கூடாது.

சி.என்.ஜி., எல்.பி.ஜி., எத்தனால்

எண்ணூரில் இந்தியன் ஆயிலின் இயற்கை எரிவாயு இறக்குமதி முனையம் 2019இல் வந்தபின்தான் சென்னைச் சுற்றுவட்டாரத்தில் சி.என்.ஜி. பரவியது. 200 பார் அழுத்தத்தில் அடைப்பதால் எட்டு ஒன்பது கிலோ வாயுவுக்குப் பெரிய சிலிண்டர் வேண்டும். பெட்டி வைக்கும் இடம் போய்விடும். உச்சிவெயிலில் வாயு விரிந்து நிற்பதால் குறைவாகவே ஏறும்; விடியற்காலையில் நிரப்பினால் சற்று கூடும். சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்பிச் சான்று பெறுவது கட்டாயம். எல்.பி.ஜி. சென்னை ஆட்டோக்களுக்குப் பழக்கமான எரிபொருள். புதிய கார்களில் அது அருகிவிட்டது. வீட்டுச் சமையல் சிலிண்டரைக் காரில் மாட்டுவது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனாலின் வெப்பத்திறன் பெட்ரோலினதில் மூன்றில் இரண்டு பங்கே என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார்களில் ரப்பர்க் குழாய்களைச் சோதித்துக்கொள்வது நல்லது.

வரி, காப்பீடு, பதிவு

மின்காருக்குச் சரக்கு சேவை வரி 2019 ஆகஸ்டிலிருந்து 5 விழுக்காடு. ஹைபிரிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பின் பெரிய ஹைபிரிட்டுகளுக்கு 40 விழுக்காடு. தமிழ்நாட்டில் மின்காருக்குச் சாலை வரி விலக்கு அளிக்கப்பட்டு வந்திருக்கிறது. தனியார் மின்காரின் பதிவெண் பலகை பச்சை, எழுத்து வெள்ளை. மூன்றாம் நபர் காப்பீட்டில் 2022 முதல் மின்காருக்கு 15 விழுக்காடும் ஹைபிரிட்டுக்கு 7.5 விழுக்காடும் தள்ளுபடி உண்டு. மழைநீர் சேதத்துக்குப் பேட்டரியைச் சேர்க்கும் கூடுதல் காப்பீட்டை இவ்வட்டாரத்தில் தவிர்ப்பது விவேகமல்ல.

ஹைட்ரஜன் காரைத் தனியாட்கள் இந்தியாவில் இன்னும் வாங்க முடியாது. அதன் ஆய்வு மட்டும் படூருக்கு வெகு அருகில் வந்திருக்கிறது: சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் ஹூண்டாயின் பங்களிப்போடு ஹைட்ரஜன் ஆய்வு மையம் ஒன்று அமைக்கப்படும் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது.