உடவத்தகெலே: ஒரு காட்டின் உடைமை வரலாறு

கண்டித் தலதா மாளிகையின் பின்புறமாக உயர்ந்து செல்லும் உடவத்தகெலே ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்பே உடையது. வாவியும் மாளிகையும் கடைத்தெருக்களும் அதனை நெருங்கி நிற்கின்றன. இத்துணைச் சிறிய காடு எவ்வாறு எஞ்சியது என்னும் வினாவுக்கு, இயற்கை மீதான பற்றே காரணம் என விடை கூறுவோர் உளர். உடைமை உறவுகளை நோக்கின் வேறொரு விடை புலனாகும்.

கண்டி மன்னர் காலத்தில் இது 'உட வாசல வத்த', அதாவது அரண்மனையின் மேல்தோட்டம். பொதுமக்கள் உட்புகத் தடை இருந்தமையால் 'தஹன்சிக் கெலே' எனவும் வழங்கப்பட்டது. செங்கண்ட என்னும் பிராமணர் இங்குள்ள குகையொன்றில் வாழ்ந்தார் என்ற ஐதிகம் செங்கடகல என்னும் நகரப் பெயருக்கு விளக்கமாகக் கூறப்படுவதுண்டு. ஐதிகத்தைவிடத் தடையே நமது ஆய்வுக்கு முக்கியமானது.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. மன்னனின் காடு முடியின் காடாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொண்டது. உறுதிப்பத்திரம் அறியாத சேனைப் பயிர்ச்செய்கைக் குடியானவன் எதனைக் கொண்டு நிரூபிப்பான்? இவ்வாறு கைக்கொள்ளப்பட்ட மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக விற்கப்பட்டு எரியூட்டப்பட்டன. அதே அரசுதான் 1856 இல் உடவத்தகெலேயை ஒதுக்குக் காடாகப் பிரகடனஞ் செய்தது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. தேசாதிபதியின் மாளிகை இக்காட்டை ஒட்டியே அமைந்திருந்தது. காட்டினூடான உலாப்பாதைக்கும் தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் (1831-1837) மனைவியின் பெயரே சூட்டப்பட்டது. கோப்பி விளையத்தக்க குன்று மூலதனத்துக்கு உரியதாயிற்று. நிழல் தரும் குன்று ஆள்வோரின் ஓய்வுக்கு உரியதாயிற்று.

காட்டோரத்தில் உள்ள ஆங்கிலப் படையினரின் இடுகாட்டில், 1815 உடன்படிக்கையில் முக்கிய பங்கு வகித்து 1824 இல் இறந்த ஜோன் டொயிலியின் கல்லறை உண்டு. இளம் வயதிலேயே மாண்ட அதிகாரிகளின் பெயர்களையும் வயதுகளையும் அங்குள்ள கற்கள் பேணுகின்றன. பின்வந்த கோப்பிக் காலத்தில், மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்துவந்து இடைவழியில் வாந்திபேதிக்குப் பலியான தென்னிந்தியத் தொழிலாளருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. கண்டியின் வரலாற்றுச் சின்னங்களை வரிசைப்படுத்துவோர் முன்னையதை மட்டும் காண்பது தற்செயலன்று.

1938 இல் இக்காடு சரணாலயமாக்கப்பட்டது. இன்று அங்கு பெருகிச் சுதேச மரக்கன்றுகளை நெருக்குவது தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பெரு பால்சம் மரமாகும். மன்னர் காலத்துக் காடு எனப் பயணிகளுக்குக் காட்டப்படும் நிழலில் ஒரு பங்கு குடியேற்றவாத காலத்து இறக்குமதியே.